நீள அகப்பை ஓவசியர்

இந்த நாட்டில் நாய்களைப் பற்றி மிக அதிகம் தெரிந்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், தலை நரைக்கும் வரை ஒரு நாயைக்கூடத் தொட்டுப் பார்க்காத ஒருவரைத்தான் சொல்வேன். கால்நடை வைத்தியத்தில் பட்டம் பெற்றவர்களுடன் வேலை செய்திருக்கிறேன். கொழும்பில் நாய்க் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் நாயைத் தடவி, பல்லைப் பார்த்து, காலைத் தூக்கி வைத்த பிறகுதான் ஒரு கருத்துச் சொல்வார்கள். கல்முனை ஓவசியரோ, தெருவுக்கு மறுபக்கம் நின்றபடியே, அந்த நாய் நேற்று எந்த வீட்டில் என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வாய்க்கால், மதகு வேலைகளில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊருக்கு அவர் ஓவசியர். இன்னும் இரண்டு ஓவசியர்மார் ஊரில் இருந்தபடியால், இவரை அடையாளம் காட்ட ‘நீள அகப்பை’ என்று முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அகப்பையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நுனியில் சாதாரணச் சிரட்டை அகப்பைதான். ஆனால் காம்பு ஒரு முழு மூங்கில் கழி. ஓவசியரை விட உயரம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் சைக்கிளில் வரும்போது பஸ் சாரதிகள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

காம்பின் நீளத்துக்குக் காரணம் இருந்தது. நாயின் எச்சில் மேலே பட்டால், ஒரு தரம் மண் சேர்த்து ஏழு தரம் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். ஓவசியரோ விடிந்தது முதல் இரவு இஷாத் தொழுகை வரை, தொழுகைக்கென்று கை, கால், முகம் கழுவிய ஒளுவுடனேயே இருக்கும் மனிதர். பள்ளிவாசல் தொழுகையில் முதல் வரிசையைத் தவறவிடாதவர். அதே மனிதருக்கு நாய்களுக்குச் சோறு வைக்காமலும் இருக்க முடியாது. இந்த இரண்டு பிடிவாதங்களுக்கும் இடையில் இருந்த தூரம்தான் அந்த மூங்கில் கழி.

நான் அவரைச் சந்திப்பதற்கு முன்பே அகப்பையைச் சந்தித்துவிட்டேன். எண்பதுகள் தொடங்கிய நேரம். கண்டிப் பக்கம் போய் ஆய்வுகூடப் பயிற்சி முடித்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேசையில் நுணுக்குக்காட்டி, வலப்புறம் கண்ணாடித் தகடுகள், இடப்புறம் சாயக் குப்பிகள், நடுவில் வெள்ளைத் துணி. எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது, யன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு சிரட்டை அகப்பை உள்ளே வந்தது. ஆளைக் காணவில்லை. அகப்பை மட்டும் வந்து, வெள்ளைத் துணிக்கு நேர் மேலே நின்று, மெதுவாகக் கவிழ்ந்து, பூவரச இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது.

“மகள், கைய வெச்சிராதீங்க. அது நாய்ட” என்றது யன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

“நாய்ட என்ன?”

“வாயால வந்ததெண்டா நான் இஞ்ச கொண்டு வருவனா? அந்தக் கண்ணாடியில போட்டுப் பாருங்க. புழு இரிக்கும்.”

இருந்தது. கொக்கிப்புழுவின் முட்டைகள், பாடப் புத்தகப் படம் போலத் தெளிவாக. விஷயத்தைச் சொன்னேன். ஓவசியர் உடனே தெருப் பக்கம் திரும்பி, பரீட்சை முடிவு வாசிப்பவர் போல உரத்துச் சொன்னார்:

“பேக்கரியடி ஜூலிக்குப் புழு! நான் முந்தியே சென்னன்! இனி ஆரும் அவளுக்குப் பாண் துண்டு போட்டீங்களெண்டா, மறுகா என்னோட கதைக்க வராதீங்க!”

அன்றிலிருந்து அகப்பை அடிக்கடி வந்தது. நான் வெள்ளைத் துணியை எடுத்துவிட்டுத் தகரத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அவருடைய நாய்ப் படிப்பு மேற்கே பெரிய குளம் கட்டிய காலத்தில் தொடங்கியது. இளம் ஓவசியராக அங்கே இருந்தபோது, வெள்ளைக்கார எஞ்சினியர்மாரின் நாய்களை மாலையில் நடத்திப்போகும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. “சங்கிலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாய். நடுவில மூணு முழம். அதுக்குள்ள ஒரு நாளும் நானும் போகல்ல, நாயும் வரல்ல” என்பார். அந்த மூன்று முழத் தூரத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. லப்ரடோருக்குப் போதும் என்ற எண்ணமே வராது, ஆகவே சோற்றை அளந்து வைக்க வேண்டும். டாஷ்ஹண்டின் முதுகு நீளம், கொழுப்பு ஏறினால் முள்ளந்தண்டு போய்விடும். டல்மேஷனுக்குக் கல்லடைப்பு வரும், தண்ணீர்ச் சட்டி காயவே கூடாது. பொக்ஸருக்கு மூக்குச் சப்பை, வெயில் தாழ்ந்த பிறகுதான் சாப்பாடு. இவற்றைப் பிறகு நான் டொக்டரின் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிழையில்லை.

நாய்களுடன் அவர் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவார். வெள்ளைக்காரர்களிடம் கற்ற தொழிலுக்கு அதுதான் பாஷை என்பது அவர் முடிவு. “கம் ஹியர்!” என்றால் தெருவின் இரண்டு முனையிலிருந்தும் வரும். “சிட்!” என்றால் மீன் சந்தை வாசலில் வரிசையாக உட்காரும். “நோ புஷ்ஷிங்!” என்றால், அல்லாஹ் மீது ஆணையாக, தள்ளாமல் நிற்கும். அந்தக் காலத்தில் கல்முனையில் ஆங்கிலம் விளங்கிய கிளாக்கர்மாரை விட ஆங்கிலம் விளங்கிய நாய்கள் அதிகம்.

இவ்வளவு அறிந்தவர், ஊர் நாய்களின் இனம் என்று வந்துவிட்டால் மட்டும் கற்பனைக் குதிரையை அவிழ்த்துவிடுவார். எனக்கு அவர் நாய்களை அறிமுகப்படுத்தியது, கலியாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது.

“இந்தா நிக்கிறான் பாருங்க மகள், காது மடிஞ்சவன். இவன்ட மூத்தாப்பா அசல் லப்ரடோர். தண்ணியக் கண்டா விட மாட்டான். நேத்தும் வாய்க்காலுக்குள்ளதான் கெடந்தான்.”

“வெக்கைக்கு எல்லா நாயும் வாய்க்காலுக்குள்ளதானே கெடக்கும்?”

“கெடக்கும். இவன் கெடக்கிற விதம் வேற.”

குட்டைக் கால் ஜூலி, டாஷ்ஹண்ட் பரம்பரை. மீன் சந்தையில் கன்னத்தில் புள்ளி விழுந்த ஒரு பெட்டை, டல்மேஷனின் பேத்தி. எலும்பும் தோலுமான ஒரு மஞ்சள் நாயைக் காட்டி, அது கிரேட் டேன் என்றார். கிரேட் டேன் மேசை உயரம் இருக்குமே என்றேன்.

“இரிக்கும். இது சாப்பாடில்லாமச் சுருங்கின கிரேட் டேன்.”

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. ஒருநாள் அவரும் பொறுமையிழந்தார். “ஓவசியர், இனம் எண்டிறது பிறப்பிலை வாறது” என்றார்.

“இல்ல டொக்டர். சோத்துப் பீங்கான்ல வாறது” என்றார் ஓவசியர். “ரெண்டு தலைமுறைக்கு ஒழுங்கா சோத்தப் போட்டுப் பாருங்க. அந்த மஞ்சளன்ட பேரன் உங்கட மேசையில நாடிய வெச்சிட்டு நிப்பான்.”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த மஞ்சள் நாயின் தோலைப் பார்த்திருந்தேன். ஓவசியரின் சோறு தொடங்கிய பிறகு சொறி முழுவதும் ஆறி, புதிய மயிர் எண்ணெய் பூசியது போல மினுங்கியது. இனத்தில் அவர் பிழை. பீங்கானில் அவர் சரி.

அந்தச் சோற்றின் சட்டங்களை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். உப்பு இல்லை. மிளகாய் இல்லை. வெங்காயம் அறவே இல்லை. இனிப்பு, அது பெருநாளானாலும் இல்லை. சிவப்பரிசிச் சோறு, முள்ளெடுத்த சூடை மீன், இறைச்சிக் கடையில் மிஞ்சிய பாபத்து எனும் மாட்டு இரைப்பை, பூசணிக்காய், ஒரு பிடி முருங்கையிலை. எல்லாம் குழைய அவித்து, ஆறவைத்து, குறித்த நேரத்துக்கு. வயலில் ஓடுகிற நாய்க்குக் கூட, கடை வாசலில் படுக்கிற நாய்க்குக் குறைய. குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம். கிழட்டு நாய்க்குக் கஞ்சிப் பதம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவித்த எலும்பு கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும். “பச்சை எலும்பு நாய்க்குச் சாப்பாடு மகள். அவிச்ச எலும்பு கண்ணாடி ஓடு.”

இப்படியிருக்கும்போதுதான் ஊருக்கு ரெக்ஸ் வந்தான்.

நெல் ஆலை நடத்திய ஹாஜியார், காவலுக்கென்று கொழும்பிலிருந்து ஓர் அல்சேஷனை வாங்கி வந்தார். கல்முனைக்கு வந்த முதல் அல்சேஷன் அதுதான் என்று ஊர் பேசிக்கொண்டது. பாலமுனையிலிருந்தெல்லாம் ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஓவசியர் ஆலையின் கேற்றுக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததாக ஆலை வேலையாட்கள் சொன்னார்கள். உமி பறந்திருக்கும் என்று ஓவசியர் சொன்னார்.

ஹாஜியாரின் மனைவியை ஊரே ஹாஜியானி என்று அழைக்கும். அவர் கைக்குச் சுருங்கத் தெரியாது. ரெக்ஸுக்குக் காலையில் பால்தேநீரும் பிஸ்கட்டும், பகலில் புரியாணி, பின்னேரம் இனிப்பு வட்டிலப்பம். நாலைந்து மாதத்தில் ரெக்ஸ் நெல் மூட்டை ஆகிவிட்டான். இடுப்பு மயிர் கொட்டியது. ஒருநாள் ஓர் ஆடு வந்து அவன் பீங்கானிலிருந்த சோற்றைத் தின்றது. ரெக்ஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

“ஓவசியர், நாய் கொரைக்குதே இல்ல” என்று ஹாஜியார் ஆள் அனுப்பி இவரை அழைத்துக் கேட்டார்.

“எப்பிடிக் கொரைக்கும் ஹாஜி? வாய் நெறைய வட்டிலப்பம் இரிக்கக்குள்ள?”

அன்று முதல் ரெக்ஸின் சாப்பாடு ஓவசியரின் பொறுப்பு. ஹாஜியானி கதவுக்குப் பின்னால் நின்று வாதாடினார். “எங்கட ஊட்டுக்கு வந்த உசிருக்கு உப்பில்லாச் சோறா? ஊரு என்ன செல்லும்?”

“ஊரு செல்றத நாய் திங்கிறல்ல, ஹாஜியானி. அல்சேஷனுக்கு இடுப்புப் பலவீனம். இன்னும் பாரம் ஏத்தினீங்களெண்டா, நம்மதான் அவனத் தூக்கிட்டுக் காவலுக்குப் போகணும்.”

மூங்கில் அகப்பை தினமும் ஆலைக்குப் போனது. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தின் ஓரத்தில் ரெக்ஸ் உட்கார்ந்திருப்பான். தூரத்தில் ஓவசியர் நின்றிருப்பார். நடுவில் அகப்பை சிந்தாமல் போய்ப் பீங்கானில் இறங்கும். முதல் வாரம் ரெக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சாப்பிட்டான். பிறகு சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து நின்றான். ஒரு பின்னேரம் அவன் குரைத்தபோது, பஸ் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அலுவலகத்தில் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தேன். அவ்வளவு பெரிய சத்தத்தை அந்த நாயின் உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்தது பூசணிக்காயும் முருங்கையிலையும்தான்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஹாஜியார் மாடு அறுத்துக் குர்பான் கொடுத்தார். அவர் நியாயமான மனிதர். ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“ரெக்ஸும் நம்மட வாச்சர்தானே? ஆளுக்கொரு பங்கெண்டா, அவனுக்கும் ஒரு பங்கு.”

ஹாஜியானிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரும் இப்போது ஓவசியரின் சட்டங்களை மதிப்பவர். ஆகவே விலா எலும்புக் கறியை எடுத்து, உப்பும் உறைப்பும் போகத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் அலசி, வெங்காயத்தைப் பொறுக்கியெடுத்து, ஒரு வாச்சருக்குரிய மரியாதையுடன் பீங்கானில் வைத்து அனுப்பினார். எல்லாச் சட்டமும் காப்பாற்றப்பட்டது, கடைசியைத் தவிர.

ஆலையிலிருந்து ஆள் ஓடி வந்தபோது நான் பெருநாள் உடுப்பில் வீட்டில் இருந்தேன். ரெக்ஸுக்கு மூச்சு வரவில்லை. டொக்டரோ லீவில் ஊருக்குப் போய்விட்டார். அலுவலகச் சாவி என்னிடம் இருந்தது. இருப்பதிலேயே நீளமான இடுக்கியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். சீமெந்துத் தளத்தில், புதுச் சாரனும் புதுச் சட்டையுமாக ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் ரெக்ஸ் முன்காலால் தன் வாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். நாக்கு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

அஸர் தொழுகைக்குப் புறப்பட்ட ஓவசியரும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, தொப்பி. ஒளுச் செய்த ஈரம் முழங்கையில் காயவில்லை. தோளில் அகப்பை.

“ஓப்பன் யுவர் மவுத்!” என்றார்.

ரெக்ஸ் வாயைத் திறந்தான். அந்த நிலையிலும் திறந்தான். நான் குனிந்து பார்த்தேன். விலா எலும்பு உடைந்து, கடைவாய்ப் பற்களுக்குக் குறுக்கே இறுகி, கூர் முனை தொண்டைப் பக்கம் நின்றது. ஓவசியர் அகப்பையை நீட்டினார். அவ்வளவு நீளக் காம்பின் நுனி ஓரிடத்தில் நிற்கவில்லை. சிரட்டை பல்லில் தட்டியது. ரெக்ஸ் வாயை மூடி முனகினான். மறுபடி நீட்டினார். மறுபடி தட்டியது.

“அகப்பை சரிவராது ஓவசியர்” என்றேன். “ஆராவது ரெண்டு கையாலயும் வாய விரிச்சுப் பிடிக்கணும். பிடிச்சா நான் எடுப்பன். சுணங்கினா மூச்சு நிண்டுரும்.”

எவரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பற்களைப் பார்த்தால் டொக்டரே யோசித்திருப்பார். அதே நேரம் பள்ளியிலிருந்து அஸருக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கூட்டம் பள்ளிப் பக்கமும் நாயின் பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.

ஓவசியர் தன் கைகளைப் பார்த்தார்.

“மகள், இத ஒருக்காப் பிடிங்க.”

அகப்பையை அவர் அதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, வெள்ளைச் சாரனுடன் சீமெந்தில் முழந்தாளிட்டிருந்தார். ரெக்ஸின் தலையை மடியில் எடுத்து, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் பிடித்து விரித்தார். நாய் உதறியது. அப்போது அவர் ஆங்கிலத்தை மறந்துபோனார்.

“என்ட வாப்பா... கொஞ்சம் பொறுடா மனே. இந்தா முடிஞ்சிது. இந்தா முடிஞ்சிது.”

என் இடுக்கி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. ஓவசியர் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, எலும்பை நெடுக்காகத் திருப்பித் தந்தார். நான் இழுத்தேன். வந்துவிட்டது.

ரெக்ஸ் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தான். பிறகு எழுந்து, அதுவரை கிட்ட வரக்கூட அனுமதி கிடைக்காத அந்த முகத்தை, நாடியிலிருந்து தொப்பி விளிம்பு வரை ஒரே இழுப்பில் நக்கினான்.

“யா அல்லாஹ்!” என்றது கூட்டம்.

ஓவசியர் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. கடைசியில் அவர் தலையைத் திருப்பி ஹாஜியாரைப் பார்த்தார்.

“ஹாஜி, உங்கள கொழும்பில ஏமாத்திட்டானுகள்.”

“என்ன ஓவசியர் செல்றீங்க?”

“நாக்கில கறுப்புப் புள்ளி. அண்ணமும் கறுப்பு. கைய உள்ளுக்க விட்டுப் பார்த்துட்டுச் செல்றன். இது அசல் அல்சேஷன் இல்ல. இதுக்குள்ள நம்மட ஊரு நாய் ஒண்டு இரிக்கி!”

அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை அதற்கு முன்னரும் பின்னரும் நான் கண்டதில்லை.

ஆலைக் கிணற்றடியில் ஹாஜியாரே தண்ணீர் அள்ளி ஊற்றினார். வாய்க்கால் கரையிலிருந்து யாரோ சுத்தமான மண் கொண்டு வந்தார்கள். முதல் தரம் மண்ணோடு, மற்றவை வெறும் தண்ணீரில். கூட்டம் முழுவதும் சேர்ந்து ஏழு வரை எண்ணியது. வரிசையில் அடுத்ததாக நானும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஓவசியர், தன்னைப் போல இரண்டு பேர் நுழையக்கூடிய ஹாஜியாரின் சாரனை உடுத்து, மூட்டை அறையில் பாய் விரித்துத் தனியாகத் தொழுதார். பள்ளிவாசலில் அன்று முதல் வரிசையில் ஓர் இடம் காலி. ஆலையில், கதவுக்கு வெளியே, ஓர் அகப்பைக் காம்பு தூரத்தில் ரெக்ஸ் படுத்திருந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார்: “என்ன ஓவசியர், ஏழு தண்ணியும் சரியா எண்ணினீங்களா?”

“எட்டாவதும் ஒண்டு எடுத்து வெச்சிரிக்கன். அது உன்ட வாயக் கழுவ.”

லீவு முடிந்து வந்த டொக்டர், நாக்கில் கறுப்புப் புள்ளி அசல் அல்சேஷனுக்கும் இருக்கும் என்று சொன்னார். அதை ஓவசியரிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

அதன் பிறகு நடந்த ஒரு மாற்றத்தை ஊரில் வேறு யாராவது கவனித்தார்களோ தெரியாது. எனக்கு அளவுகளில் கண் போகும். யன்னலால் உள்ளே வந்த அகப்பைக்குப் பின்னால் முதலில் ஒரு கை தெரிந்தது. சில மாதங்களில் தோள் தெரிந்தது. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் யன்னலில் ஓவசியரின் முகமே தெரிந்தது. யாரும் அறியாமல் அவர் அந்த மூங்கிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றடியில், மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின்னில், சலித்த மண் எப்போதும் நிறைந்திருந்தது.

நான் இப்போது பொத்துவிலில் வேலை செய்கிறேன். குவார்ட்டர்ஸ் வாசலில் மஞ்சள் நாய் ஒன்று வந்து படுக்கிறது. அது சாப்பாடில்லாமல் சுருங்கிய கிரேட் டேன் என்றுதான் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறேன். என் குழாயடியிலும் ஒரு டின் மண் இருக்கிறது.